ஆறாயிரம் அடியில் ஒரு தரை

அந்தச் சின்ன விமான நிலையத்தில் எல்லோருக்கும் அவர் தராசுக்காரர்தான். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்ஜின் வைத்த, ஒன்பது பேர் உட்காரக்கூடிய விமானம் காலையில் ஒரு தடவையும் பிற்பகலில் ஒரு தடவையும் அங்கிருந்து பெரிய ஊருக்குக் கிளம்பும். ஏறுகிற ஒவ்வொரு ஆளையும் ஏற்றுகிற ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்துப் பார்த்து, யார் எந்த இருக்கையில், எந்தப் பெட்டி மூக்கில், எந்தப் பெட்டி வாலில் என்று ஒரு தாளில் எழுதி, விமானியிடம் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இந்த ஒரே வேலை.

அதற்கு முன்னால் பஞ்சுக் கிடங்கில் மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். மூட்டை பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்பது இங்கே வந்த முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "எடை எவ்வளவுங்க?" என்று கேட்டால் பெண்கள் ஐந்து கிலோ குறைத்துச் சொல்வார்கள். மெலிந்த ஆண்கள் மூன்று கிலோ கூட்டிச் சொல்வார்கள். ஆகவே அவர் கேட்பதையே விட்டுவிட்டார். "ஏறி நில்லுங்க" என்பார். மந்திரியின் மச்சானாக இருந்தாலும் சரி, கைக்குழந்தைக்காரியாக இருந்தாலும் சரி, ஏறித்தான் ஆகவேண்டும். முள் நிற்கிற வரைக்கும் மூச்சுவிடக்கூட விடமாட்டார் என்று கேலி பேசுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் விமானத்தில் ஏறியதில்லை. காலி இருக்கை இருந்தால் ஊழியர்கள் போய்வரலாம் என்று விதி இருந்தது. கிளீனர்கூடப் போய்வந்துவிட்டார். தராசுக்காரர் மட்டும், "நேரம் எங்க இருக்கு?" என்று நழுவிவிடுவார். உண்மையில் அவருக்குப் பயம்தான். எத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, எந்த இருக்கைக்குப் பின்னால் கனம் போகக் கூடாது என்று மற்றவர்களுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தவனுக்குத்தானே பயம் வரும்.

அவர் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்யப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிப் பதினொரு மணி நேரம். கிளம்பவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மலைப்பாதையில் மண் சரிந்து, பஸ் எல்லாம் நின்றுபோனது. நாளைத் தவறவிட்டால் அடுத்த நாள் கிடைக்க ஐந்து மாதமாகும்.

"உங்க ஏரோப்ளேன் இருக்கும்போது நான் எதுக்கு அஞ்சு மாசம் தடவிட்டு அலையணும்?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை விமானத்துக்கு இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

அன்று கூட்டம் குறைவு. பல் டாக்டர் ஒருவர், ஒல்லி. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர். கல்யாணமாகி நான்கு நாளான ஒரு ஜோடி. மாடிக் கட்டடங்களில் லிப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக் ஒருவர். அவருடைய கருவிப் பெட்டியே முப்பத்தொரு கிலோ. தராசுக்காரர் தானும் பயணி என்பதை மறந்து எல்லோரையும் வரிசையாக ஏற்றி இறக்கினார். கடைசியில் மனைவியின் முறை வந்தது. அவள் தராசுக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"ஏறு."

"இத்தனை பேருக்கு முன்னாடியா? சும்மா இருங்க. அறுபத்திரண்டுன்னு எழுதிக்குங்க."

"ஏறி நில்லும்மா. ஒரு நிமிஷம்."

"டாக்டர்கிட்ட பாத்தது அறுபத்திரண்டு. அந்த டீச்சரம்மா வேற பாத்துட்டே இருக்காங்க. எனக்கு ஏற்கெனவே கண்ணை அறுக்கப்போறாங்களேன்னு படபடன்னு இருக்கு. எழுதுங்கன்னா எழுதுங்களேன்."

தராசுக்காரர் பென்சிலை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, முள்ளைப் பார்க்காமல் ஓர் எண்ணை எழுதினார். அறுபத்திரண்டு.

விமானி ஒரு பெண். நாற்பது வயது, குட்டையான உருவம்; முன்கண்ணாடி வழியாகப் பார்க்க இருக்கையில் ஒரு திண்டு போட்டுத்தான் உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். அந்த நிலையத்தில் ஒன்பது வருஷமாக ஓட்டுகிறாள். எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். தராசுக்காரர் எழுதிய தாளைத் தினமும் தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாள். அன்றும் கூட்டிப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "நீங்களும் வர்றீங்களாண்ணே? அப்ப முன்னாடி வாங்க, என் பக்கத்துல. இந்தத் தாளு மேல போய் என்ன பண்ணுதுன்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா?" என்றாள்.

அவருடைய தொண்ணூற்று நான்கு கிலோ முன் இருக்கையில் போய் உட்கார்ந்தது. லிப்ட் மெக்கானிக்கின் பெட்டி மூக்கில் இருந்த சரக்கறைக்குள். மனைவியும் தலைமையாசிரியையும் அவருக்குப் பின்வரிசையில். அதற்குப் பின்னால் ஜோடி. அதற்கும் பின்னால் பல் டாக்டரும் லிப்ட் மெக்கானிக்கும். கடைசியில் இரண்டு பேர் உட்காருகிற பெஞ்சு காலி. மூக்குப் பக்கம் கொஞ்சம் கனம்தான். ஆனால் அனுமதித்த கோட்டுக்குள் இருந்தது; அவரே போட்ட கணக்கு.

தரையை விட்டு எழுந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது ஊர் கீழே கிடந்தது. தாம் தினமும் சைக்கிளில் மிதித்து மூச்சு வாங்கும் மேட்டுத் தெரு தரையோடு தரையாக இருந்தது. மேடு என்ற ஒன்றே காணோம். மேகத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து, மேலே நீலமும் கீழே வெள்ளையுமாக நின்றபோது, "அடேயப்பா" என்ற ஒரு சொல்லைத் தவிர அவர் வாயில் எதுவும் வரவில்லை. கேப்டன் லேசாகச் சிரித்தாள்.

கிளம்பி முப்பது நிமிஷம் ஆகியிருக்கும். மலைக்கு மேலே காற்று கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்போதுதான் காலுக்கடியில் எங்கோ, 'டக்' என்று ஒரு சத்தம். மரக்கிளை முறிகிற மாதிரி, ஒரே ஒரு தடவை.

விமானத்தின் மூக்கு மெதுவாகத் தாழ்ந்தது. கேப்டன் தனக்கு முன்னாலிருந்த ஓட்டும் கைப்பிடியைத் தன் பக்கமாக இழுத்தாள். இழுத்தால் மூக்கு எழும்ப வேண்டும். அதை அவர் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார். இப்போது கைப்பிடி காலி மேஜை டிராயர் மாதிரி சரக்கென்று அவள் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மூக்கு எழும்பவில்லை. கீழே இருந்த வெள்ளை, கண்ணாடியில் மேலே மேலே ஏறி வந்தது.

அவள் கத்தவில்லை. "ம்" என்றாள். அவ்வளவுதான். கைப்பிடியைச் சாதாரணமாக முன்னால் விட்டாள். வலது கை கீழே போய், இரண்டு இருக்கைக்கும் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்த ஒரு சக்கரத்தைப் பிடித்துப் பின்பக்கமாக உருட்டியது. ஒரு சுற்று. இன்னொரு அரைச் சுற்று. மூக்கு யோசித்து யோசித்து மேலே வந்து நின்றது.

தராசுக்காரர் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் அவள், பக்கத்து வீட்டில் பேசுகிற குரலில். "வாலுக்குப் போற கம்பி ஒண்ணு அறுந்துபோச்சு. தள்ளினா கேக்குது, இழுத்தா கேக்கல. பின்னாடி யாருக்கும் இப்ப சொல்லாதீங்க. ரெண்டு நிமிஷம் குடுங்க எனக்கு."

"இப்ப... இப்ப எப்படி மேல வந்துச்சு?"

"வால் தகட்டோட ஓரத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டித் தகடு இருக்கு. அதுக்குத் தனிக் கம்பி. இந்தச் சக்கரத்தைச் சுத்தினா அது சாயும். அது சாஞ்சா காத்து அதைத் தள்ளும், அது பெரிய தகட்டைத் தள்ளும், அது விமானத்தையே தூக்கும்."

உள்ளங்கை அகலம். தராசுக்காரர் தன் கையை விரித்துப் பார்த்தார். எட்டு பேரின் உயிர் இப்போது அந்த அகலத்தில் நிற்கிறது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில்தானா என்று கேட்டால், பின்னாட்களில் அவர், "பயம் பாதி, இன்னொரு பாதிக்கு எனக்குப் பேரு தெரியல" என்பார்.

கேப்டன் ரேடியோவில் பேசினாள். பெரிய ஊர் விமான நிலையக் கோபுரத்திலிருந்து ஒரு ஆண் குரல் ஒரு நொடி தயங்கிவிட்டு, "ஓடுபாதை முழுசும் உங்களுக்குத்தான். மத்த எல்லாரையும் நிறுத்திட்டேன். அவசரப்படாம வாங்க" என்றது.

பிறகு அவள் பயணிகளுக்கும் சொன்னாள். மறைக்காமல், பயமுறுத்தாமல், இருப்பதை இருந்தபடி. பின்னால் யாரும் கூச்சல் போடவில்லை. புதுப்பெண் மட்டும் விசும்பினாள். தலைமையாசிரியை பின்னால் திரும்பி, "அழுதா அழுதுக்கம்மா, ஆனா பெல்ட்டைக் கழட்டாதே" என்றார்.

"பெரிய ஊர் வந்துடுச்சு. ஆனா நேரா போய் இறங்கப்போறதில்ல," என்றாள் கேப்டன். "முதல்ல மேலயே இறங்கிப் பாக்கப்போறேன். ஆறாயிரம் அடியில ஒரு தரை இருக்குன்னு வெச்சுக்கங்கண்ணே. உயரம் காட்டுற அந்த முள்ளைப் பாத்துட்டே இருங்க. ஆறாயிரத்தைத் தொட்டா சொல்லுங்க."

முள் பார்ப்பதென்றால் அது அவர் தொழில். உடம்பு தானாக நிமிர்ந்தது.

அவள் தரையில் ஓடுகிற சக்கரங்களை வெளியே இறக்கினாள். என்ஜின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். வேகம் தளரத் தளர, அந்தத் தட்டுச் சக்கரத்தைப் பின்னால் உருட்டிக்கொண்டே வந்தாள். இறங்குகிற வேகம் வருவதற்கு வெகு முன்னாலேயே சக்கரம் தன் எல்லையில் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் உருளாது. மூக்கு தொய்ந்தது.

"ஆறாயிரம்!" என்று கத்தினார் தராசுக்காரர். "ஐயாயிரத்தித் தொள்ளாயிரம்... எண்ணூறு..."

அவள் விசையைக் கூட்டி மேலே வந்தாள். "இது நெஜத் தரையா இருந்தா மூக்காலதான் உழுதிருப்போம்" என்றாள். "வேகத்தைக் கொறச்சா மூக்கு நிக்கல. இந்த வேகத்துல எறங்கினா டயர் தாங்காது."

தராசுக்காரர் தன் இருக்கையைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "கேப்டன், மூக்கை அமுக்கிட்டு உக்காந்திருக்கிறது நான்தானே? நான் தொண்ணூத்தி நாலு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"கடைசி பெஞ்சு காலி," என்றார் அவர். "நான் போய் அங்க உக்காந்தா மூக்கு லேசாகும். என் பொண்டாட்டி முதல் வரிசையில இருக்கா, அவளையும் கூட்டிட்டுப் போறேன். தொண்ணூத்தி நாலும் அறுபத்திரண்டும் நூத்தி அம்பத்தாறு. பெஞ்சு நூத்தி அறுபது வரைக்கும் தாங்கும். எனக்கு மனப்பாடம்."

"அதுக்கு மேல போனா?"

"வால் கனம் கூடிப்போகும். அப்புறம் மூக்கு நம்ம பேச்சைக் கேக்காது."

அவள் தலையசைத்தாள். "ஒருத்தர் ஒருத்தரா. மெதுவா. நீங்க ஒரு அடி வெச்சா நான் ஒரு விரல் திருப்பணும்."

தராசுக்காரர் பெல்ட்டைக் கழற்றி, இருக்கைகளுக்கு நடுவில் குனிந்து, தவழ்ந்து பின்னால் போனார். ஒவ்வொரு வரிசையைத் தாண்டும்போதும் காலுக்கடியில் விமானம் அசைந்துகொடுப்பது தெரிந்தது. தொட்டில் மாதிரி அல்ல, தராசுத் தட்டு மாதிரி. இத்தனை வருஷம் அவர் பென்சிலால் ஒரு பெயரைப் பின் கட்டத்துக்கு மாற்றி எழுதும்போதெல்லாம் வானத்தில் இதுதான் நடந்திருக்கிறது! அந்த நிலைமையிலும் அவர் அசந்துபோய் ஒரு விநாடி அப்படியே நின்றுவிட்டார். "போங்க சார், போங்க" என்று பல் டாக்டர்தான் முதுகில் தட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டதும் மனைவியைக் கூப்பிட்டார். சரியாகக் கண் தெரியாதவள், இருக்கை இருக்கையாகத் தடவிக்கொண்டு வந்தாள். லிப்ட் மெக்கானிக் கையைப் பிடித்து அவளைப் பெஞ்சுக்கு அனுப்பினார்.

"ரெண்டாவது தடவை!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "உயரம் நானே பாத்துக்கறேன்."

விசை தளர்ந்தது. மூக்கு நின்றது. இன்னும் தளர்ந்தது. இன்னும் நின்றது. அப்புறம் மூக்கு நிற்பதோடு நிற்காமல், மேலே போக ஆரம்பித்தது. அவள் சக்கரத்தை முன்னால் உருட்டினாள். அது போதவில்லை. முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. வேகம் போதவில்லை என்று எச்சரிக்கிற ஹாரன் பிளிறியது. புதுப்பெண் கணவனின் சட்டையைக் கிழிக்கிற மாதிரி பிடித்தாள். கேப்டன் கைப்பிடியை இரண்டு கையாலும் முன்னால் தள்ளினாள். தள்ளுவதற்கான கம்பி அறுபடாமல் இருந்ததால் பிழைத்தார்கள். மூக்கு தாழ்ந்து, வேகம் வந்து, ஹாரன் ஓய்ந்தது.

"அண்ணே!" அவள் குரலில் முதல் தடவையாக ஒரு கூர்மை. "நூத்தி அம்பத்தாறு இப்படிப் பண்ணாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எங்கயோ எடை தப்பு!"

தராசுக்காரர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, அவர் இருக்கிற திசையை மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா சொல்லு. எவ்வளவு?"

"அதான் சொன்னேனே..."

"அடியே, இது வீடு இல்ல."

என்ஜின் இரைச்சலில் அவள் சொன்னது கேட்கவில்லை. "என்ன?" என்று கத்தினார்.

"எழுபத்தொண்ணு!" என்று அவளும் கத்தினாள். "எழுபத்தொண்ணு, எழுபத்தொண்ணு! போதுமா? டாக்டர் சொன்ன அறுபத்திரண்டு, அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி!"

விமானம் முழுக்கக் கேட்டது. பிறகு தலைமையாசிரியை, முன்னால் பார்த்தபடியே, "நானும் தராசுல ஏறும்போது கைப்பையைக் கழட்டி ஜன்னல்ல வெச்சுட்டுத்தான் ஏறினேன். அது ரெண்டு கிலோ இருக்கும்" என்றார். சாகப்போகிறோமா பிழைக்கப்போகிறோமா என்று தெரியாத அந்த இடத்தில் லிப்ட் மெக்கானிக் பொங்கிச் சிரித்துவிட்டார்.

தராசுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது கிலோ. ஒரு அரிசிப் பையைவிடக் குறைவு. தரையில் அவருக்குத் தெரியாமல் போன அந்த ஒன்பது கிலோவை, இரண்டாயிரம் கிலோ இரும்பு ஆறாயிரம் அடி உயரத்தில் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. இதைவிட நேர்மையான தராசை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

"கேப்டன், நூத்தி அறுபத்தஞ்சு!" என்று கத்தினார். "அஞ்சு கிலோ அதிகம். மாத்தறேன். பல் டாக்டர் அம்பத்தெட்டு, அவரு இங்க வரட்டும். இவ அவரு எடத்துல உக்காரட்டும். நூத்தி அம்பத்திரண்டு ஆகும்."

"உறுதியா?"

"அவரைத் தராசுல ஏத்திப் பாத்தது நான்தான்."

பல் டாக்டர் மெலிந்த உடம்பை மடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். மனைவி ஒரு வரிசை முன்னால் போனாள். தலைமையாசிரியையின் கைப்பை அவர் மடியிலேயே இருந்தது. அந்த இரண்டு கிலோவையும் தராசுக்காரர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை. விசை தளர்ந்தது, சக்கரம் உருண்டது, வேகம் இறங்கிக்கொண்டே வந்தது. மூக்கு தொய்யவும் இல்லை, துள்ளவும் இல்லை. ஒரு தாள் மேஜையில் அமர்கிற மாதிரி, இல்லாத ஒரு தரையில் விமானம் அமர்ந்தது. வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. ஆனாலும் இறங்கிவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"இது போதும்," என்றாள் கேப்டன். "இனிமே யாரும் அசையாதீங்க. தும்மல் வந்தாக்கூட அடக்கிக்கங்க. கீழ போறோம்."

கடைசி பெஞ்சிலிருந்து தராசுக்காரருக்குத் தலைகளின் பின்புறம்தான் தெரிந்தது. அதற்கு நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் கேப்டனின் வலது கை. அந்த ஒரு கையைத்தான் அவர் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அது சக்கரத்தை ஒரு விரல் அளவு உருட்டும். மேலே போய் விசைப்பிடிகளை ஒரு நெல்லளவு தள்ளும். திரும்பி வந்து சக்கரத்தைத் தொடும். காத்திருக்கும். சக்கரத்தைத் திருப்பினால் விமானம் உடனே கேட்காது. இரண்டு விநாடி கழித்துத்தான் கேட்கும். ஆகவே அந்தக் கை எப்போதும் இரண்டு விநாடிக்குப் பிறகு வரப்போவதற்கு இப்போதே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷம் அந்தக் கை கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறார். அது இவ்வளவு பெரிய கை என்று அவருக்குத் தெரியாது.

கூரைகள் வந்தன. மரங்கள் வந்தன. சாலையில் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. "குனிஞ்சுக்கங்க!" என்று குரல் வந்தது. எல்லோரும் குனிந்தார்கள். தராசுக்காரர் மட்டும் குனியாமல் அந்தக் கையையே பார்த்தார். ஓடுபாதை கண்ணாடியை நிறைத்தபோது மூக்கு கடைசியாகக் கொஞ்சம் தாழப் பார்த்தது. கை விசைப்பிடிகளை ஒரு தட்டுத் தட்டியது. என்ஜின் ஒரு தடவை உறுமியது. மூக்கு நிமிர்ந்தது. சக்கரங்கள் கீச்சென்று தரையைத் தொட்டன, ஒரு சின்னத் துள்ளல், மறுபடி தொட்டன, அப்புறம் விடவில்லை. ஓடி, ஓடி, ஓடுபாதையின் முக்கால்வாசிக்கு மேல் ஓடி, விமானம் நின்றது.

என்ஜின்களை அணைத்ததும் எழுந்த அமைதியில் யாரும் பெல்ட்டைக் கழற்றவில்லை. வெகுநேரம் கழித்துத் தலைமையாசிரியை கையைத் தூக்கி, வகுப்பில் பிள்ளை கேட்கிற மாதிரி, "இறங்கலாமா?" என்றார்.

கேப்டன் இறங்கிவந்து, இறக்கை நிழலில், தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தராசுக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். மனைவிதான் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைத் தடவித் தேடிப் பிடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஏம்மா, உன் கை ஜில்லுன்னு இருக்கு" என்றாள். அதற்கப்புறம்தான் கேப்டன் அழுதாள்.

நிலையத்து மெக்கானிக் வந்து வாலின் அடியில் இருந்த மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு அறுந்த கம்பியை வெளியே இழுத்தார். சைக்கிள் பிரேக் கம்பியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஒரு கப்பியின் மேல் உரசி உரசித் தேய்ந்து, நுனி பிரஷ் மாதிரி பிரிந்து நின்றது. வெளிச்சம் எட்டாத மூலை. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. பிற்பாடு அதே வகை விமானங்களையெல்லாம் திறந்து பார்த்தபோது இன்னும் இரண்டில் அதே இடத்தில் நூல் விட்டிருந்ததாம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி எடைத் தாளைக் கேட்டார். யாரும் கேட்பதற்கு முன்னால் தராசுக்காரரே பேனாவை எடுத்து, "இதில் ஓர் எடை நான் பார்த்து எழுதியது அல்ல" என்று அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கம்பி அறுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவர் மட்டும் இல்லாவிட்டால் இறங்கியிருக்கவே முடியாது என்று கேப்டன் வாதாடினாள். அதிகாரி இரண்டையும் கேட்டுக்கொண்டார். இரண்டுக்கும் தனித்தனியாகக் கடிதம் வந்தது. ஒன்று பாராட்டு. இன்னொன்று, மூன்று வாரம் தராசுப் பக்கமே வரக்கூடாது என்ற தண்டனை. அவர் இரண்டு கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

ஆபரேஷன் குறித்த நாளிலேயே நடந்தது. ஒன்பதாம் நாள் ஊர் திரும்ப வேண்டும். மலைப்பாதையைச் சரிசெய்துவிட்டார்கள், பஸ் ஓடுகிறது என்று சேதி வந்தது. தராசுக்காரர் பஸ்ஸில் போகலாம் என்றார். மனைவி ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள். "அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. எல்லாரும் அடேயப்பா அடேயப்பான்னீங்க, எனக்கு எல்லாம் பால் ஊத்தின மாதிரி வெள்ளையா இருந்துச்சு. இப்ப ஒரு கண்ணு வந்திருக்கு. நான் பாக்கணும்."

கம்பி மாற்றிய அதே விமானம். அதே கேப்டன். மனைவி தானாகப் போய், யாரும் சொல்லாமலே, தராசில் ஏறி நின்றாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் இரண்டு கிலோ குறைந்திருந்தது. ஜன்னல் இருக்கை அவளுக்கு. தராசுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மேகத்துக்கு மேலே வந்ததும் அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னங்க, அங்க பாருங்க! அது என்ன?"

கீழே வெள்ளை மேகத்தின் மேல் விமானத்தின் நிழல், குருவி அளவில், கூடவே ஓடி வந்துகொண்டிருந்தது. அந்த நிழலைச் சுற்றி ஒரு வானவில். வில் இல்லை, முழு வட்டம். உடையாத, முடியாத ஒரு வட்டம். விமானம் திரும்பினால் அதுவும் திரும்பியது. மேகம் பள்ளமானால் அதுவும் பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"கேப்டன்," என்று முன்னால் பார்த்துக் கூப்பிட்டார் தராசுக்காரர். "இது எப்பவும் இங்க வருமா?"

"சூரியன் நமக்குப் பின்னாடி இருந்தா வரும்ணே," என்றாள் அவள், திரும்பாமலே. "ஒன்பது வருஷமா பாக்கறேன். சொல்லணும்னு நெனச்சுப்பேன். நீங்கதான் ஏறவே மாட்டீங்களே."

மனைவி ஒற்றைக் கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துக்கொண்டிருந்தாள். மேகம் கலைந்து அந்த வட்டம் மறைகிற வரைக்கும் அவர் தோளைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை.